காலச் செலவும் காசுச் செலவும்

பத்து ரூபாய் காணாமற்போனால் சட்டைப் பையை மூன்று முறை துழாவிப் பார்க்கிறோம். ஒரு நாள் காணாமற்போனால் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்துவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். இவ்விரண்டு நஷ்டங்களில் திரும்ப ஈட்டக்கூடியது எது என்று யோசிப்பவர் சிலரே. அவ்வாறு யோசியாதவர்களில் நாமும் ஒருவராக இருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். இவ்விஷயத்தைக் குறித்து எழுத வேண்டுமென்ற எண்ணம் நமக்கு உண்டானது மயிலம் மலையடிவாரத்தில்.

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கு அப்பால் கூட்டேரிப்பட்டில் இறங்கிப் புதுச்சேரிச் சாலையில் திரும்பினால் சிறிது தூரத்தில் மயிலம் குன்று தெரியும். சூரபதுமன் மயில் வடிவில் மலையாய் அமர்ந்து தவம் புரிந்த இடம் என்பது தலபுராணம். குன்றின்மேல் முருகன் கோயில். அதனைப் பரிபாலித்து வருவது பொம்மபுர ஆதீனம். அந்த ஆதீனம் 1938-ஆம் ஆண்டில் அவ்வூரில் ஒரு தமிழ்க் கல்லூரியைத் தோற்றுவித்தது. காசைக் காலமாக மாற்றுவதற்கு அதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை. மடத்துப் பொருள் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படிப்பதற்கான சில ஆண்டுகளாக மாறிற்று. தன் நாளைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க ஒருவராலும் முடியாது. பிறனுடைய நாளைக் கவலையினின்று விடுவிக்க மட்டும் பணத்துக்குச் சக்தி உண்டு.

சென்ற கிருத்திகையன்று நாம் அங்கே சென்றிருந்தோம். தரிசனம் முடிந்து படியிறங்கி வந்து நிழலில் நின்றபோது, நமது பழைய கட்சிக்காரர் ஒருவர் எதிர்ப்பட்டார். அறுபது வயதைக் கடந்தவர். மணிலாவும் நெல்லும் பயிரிடும் சிறு குடியானவர். சுமார் பதினான்கு ஆண்டுகளாக வரப்பை ஒட்டிய மூன்று சென்ட் நிலத்துக்காக வழக்காடி வருகிறார். எதிரி வேறு யாருமல்லர். அவருடைய சிற்றப்பன் மகனே. அவர் மடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நம்மிடம் நீட்டினார். “ஐயா, இதுவரை ஆன செலவையெல்லாம் இதில் எழுதி வைத்திருக்கிறேன். தீர்ப்பாகும்போது இதையும் சேர்த்து வாங்கித் தர வேண்டும்” என்றார்.

புத்தகத்தைப் புரட்டினோம். ஸ்டாம்புக் கட்டணம், வக்கீல் பீஸ், சர்வேயருக்குக் கொடுத்தது, நகல் வாங்கியது, பஸ் கட்டணம், காப்பிக்குப் பதினைந்து ரூபாய் என்று ஒரு காசு விடாமல் குறித்திருந்தார். மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் போயிருந்தது. அந்த மூன்று சென்ட்டை இன்றைய விலைக்கு விற்றாலும் செலவில் பாதி தேறினால் அதிகம். “பெரியவரே, பணக் கணக்குச் சரியாக இருக்கிறது, இதற்காகப் போன நாட்கள் எத்தனை?” என்று கேட்டோம். அவர் நம்மை விநோதமாகப் பார்த்தார். “நாளை யார் ஐயா எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?” என்றார்.

நாம் எண்ணினோம். பஸ் கட்டணம் எழுதியிருந்த தேதிகளை ஒவ்வொன்றாகக் கூட்டியதில் 131 நாட்கள் வந்தன. ஒரு மணிலாப் பயிர் விதைத்து, முளைத்து, பூத்து, காய்த்து, பிடுங்குவதற்குச் சுமார் 105 நாட்கள் போதும். ஒரு முழுப் பயிரின் ஆயுளுக்கு மேல் அம்மனிதர் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நின்று கழித்திருக்கிறார். எதிரியும் ஏறக்குறைய அதே அளவு நின்றிருப்பார். சாட்சிகளும், துணைக்கு வந்த மைத்துனர்களும் நின்ற நாட்கள் தனி. அவை எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

ஊர் திரும்பியதும் நமது ஆபீஸ் டைரிகளை எடுத்து அந்தத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 131 நாட்களில் விசாரணை என்று சொல்லத்தக்கது நடந்தவை 35. மீதி 96 நாட்களும் வாய்தாவில் போனவை. அவற்றில் நீதிபதி விடுப்பில் இருந்ததால் போனவை சில. எதிர்க்கட்சி வக்கீல் கேட்டவை பல. 31 வாய்தாக்கள் நாமே கேட்டவை. அந்த 31-இல் 19 நாட்களில் நாம் வேறொரு கோர்ட்டில், இதைவிடப் பெரிய பீஸ் வரும் வழக்கில் இருந்திருக்கிறோம். அதாவது, நமக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்பொருட்டு, அந்தப் பெரியவரின் பத்தொன்பது நாட்களை அவரைக் கேளாமலே செலவழித்திருக்கிறோம். அவருடைய சட்டைப் பையிலிருந்து பத்தொன்பது ரூபாயை எடுத்திருந்தால் நமக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். பத்திரிகை நடத்துகிறவன் என்ற முறையில் நாம் காலத்தில் மிகவும் கண்டிப்பானவர். குறித்த மணிக்குப் பக்கங்கள் அச்சுக்குப் போகாவிட்டால் வெளியூர்க் கட்டுகள் வண்டி ஏறா. மறுநாள் காலையில் ஏஜெண்டுகள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். ஆகவே இரவில் பத்து நிமிஷத் தாமதத்துக்குக்கூட நமது அச்சகத்தில் கூச்சல் எழும். அதே நாம் காலையில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டதும் ஒரு மாதத்தை ஒரு வார்த்தையில் தள்ளிப் போடுகிறோம். தாமதத்தின் நஷ்டம் நம்முடைய தலையில் விழுந்தால் கடிகாரம் தெரிகிறது. அடுத்தவன் தலையில் விழுந்தால் தெரிவதில்லை.

குடியானவனுக்குக் காலத்தின் அருமை தெரியாது என்று நகரத்தார் சொல்வதுண்டு. இது சுத்தப் பொய். வயலில் அவனைவிடக் காலம் அறிந்தவன் இல்லை. கொத்து மணிலா முற்றிய பின்பு ஒரு வாரம் அசட்டையாக விட்டு, அந்த வாரத்தில் மழையும் பெய்தால், காய்க்குள்ளேயே விதை முளைத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். ரயில் விஷயத்திலும் அப்படியே. மயிலத்துக்கு ஒரு ரயில் நிலையம் உண்டு. அங்கே வண்டி வரும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே மூட்டையுடன் வந்து உட்கார்ந்திருப்பவன் அவனே. மழையும் ரயிலும் தனக்காகக் காத்திரா என்று அவன் அறிவான். ஆனால் கோர்ட்டிலும், தாலுகா ஆபீஸிலும், தலைவர்கள் பேசும் மைதானத்திலும் காத்திருப்பது தன் விதி என்று அவனுக்கு யாரோ கற்பித்துவிட்டார்கள். கற்பித்தவர்கள் படித்தவர்களாகிய நாமே.

நம் முன்னோர் நாளை அறுபது நாழிகையாகவும், நாழிகையை அறுபது விநாடியாகவும் பகுத்து, நீர்க் கடிகையால் அளந்தவர்கள். கோயில்களில் இன்றும் காலத்துக்குக் காலம் பூஜை நடக்கிறது. மயிலத்துக்கு அருகிலுள்ள புதுவையில் ஆனந்தரங்கப் பிள்ளை என்ற பெருவணிகர் வாழ்ந்தார். பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்தவர். துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்த காலத்தில் அவருடைய செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லை. அவர் 1736 முதல், நாட்கள் எவ்விதம் கழிந்தன என்பதையும் எழுதி வந்தார். இன்ன தேதி, இன்ன கிழமை, யார் வந்தார், என்ன பேசினார் என்று கால் நூற்றாண்டு எழுதினார். 1761 ஜனவரியில் புதுவை ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாட்கள் முன்னே அவர் காலமானார். அவர் தேடிய பொருளும் பதவியும் அவர் இருந்தபோதே தேய்ந்துவிட்டன. நாட்குறிப்போ 1846-இல் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. இன்று அவரை நாம் அறிவது அதனால்தான். நமது மயிலத்துப் பெரியவரின் நோட்டுப் புத்தகத்தில் காசு மட்டும் இருந்தது. பிள்ளையவர்களின் ஏடுகளில் நாளும் இருந்தது.

காலமும் பணமும் ஒன்றே என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. பள்ளியில் நாமும் அதைக் கட்டுரையாக எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறோம். வியாபாரிகளுக்கு அது உற்சாகம் தரலாம். உண்மையில் அது காலத்தைக் குறைத்து மதிப்பது. பணத்தைக் கடன் வாங்கலாம், சேமித்து வைக்கலாம், பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். நாளை இவற்றில் ஒன்றும் செய்ய இயலாது. கோடீசுவரனுக்கும் கூலிக்காரனுக்கும் விடியும்போது கிடைப்பது அதே அறுபது நாழிகை. நம் தேசத்தில் சரிசமமாகப் பங்கிடப்பட்டுள்ள சொத்து அது ஒன்றே. பிறகு நாள் முழுவதும் நடப்பது, வலியவன் எளியவனுடைய பங்கிலிருந்து எடுத்துக்கொள்வதுதான்.

வக்கீல் தொழிலில் இதனை முதலில் உணர்ந்தவர்களில் காந்தியடிகளும் ஒருவர். 1893-ஆம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்கா சென்றது தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காக. ஓராண்டுக்கு அவருக்குப் பேசிய சம்பளம் 105 பவுன். வழக்கோ சுமார் 40,000 பவுனைப் பற்றியது. எதிரியான தயப் சேட் வாதிக்கு உறவினர். இருவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். தம் கட்சிக்காரரின் பக்கம் பலமாயிருப்பதைக் காந்தி கண்டார். ஆயினும் வழக்கு நீண்டால் இருவரும் அழிவார்கள் என்பதையும் கண்டார். வக்கீல் பீஸ் ஏறிக்கொண்டே போனது மட்டுமன்று; இருவருக்கும் வியாபாரத்தைக் கவனிக்கவே ஓய்வில்லாமற் போயிற்று. அவர் பிரயாசைப்பட்டு வழக்கை மத்தியஸ்தத்துக்குக் கொண்டுவந்தார். தாதா அப்துல்லாவுக்கு வெற்றி கிடைத்தது. 37,000 பவுனையும் செலவுத் தொகையையும் ஒரே தவணையில் கேட்டால் தயப் சேட் திவாலாவார் என்ற நிலையில், நீண்ட தவணைகளில் செலுத்தவும் இணங்கவைத்தார். பின்னர் அவர் நடத்திய இருபதாண்டுத் தொழிலில் பெரும்பகுதி சமரசங்களிலேயே சென்றது. அதனால் தமக்குப் பணத்திலும் நஷ்டமில்லை என்று அவரே தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

இன்றைய சட்டம் இந்த வழியை அடைத்து வைக்கவில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1999-இல் செய்து 2002-இல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, விசாரணையின்போது ஒரு கட்சிக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரலாகாது. வீணாகத் தாமதம் செய்கிறவர் எதிர்க்கட்சிக்குச் செலவுத் தொகை கட்ட வேண்டுமென்று 35-பி பிரிவு சொல்கிறது. 89-ஆவது பிரிவு வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப இடமளிக்கிறது. இத்திருத்தங்களை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது நம் மாகாணத்துச் சேலம் வழக்கறிஞர் சங்கமே. 2002-லும் 2005-லும் தீர்ப்புக் கூறிய சுப்ரீம் கோர்ட்டு, திருத்தங்கள் செல்லும் என்றது. தவிர்க்க முடியாத சந்தர்ப்பங்களில் மட்டும் மூன்று என்ற வரம்பைத் தளர்த்தலாம் என்றும் சொல்லிற்று. தவிர்க்க முடியாத சந்தர்ப்பம் எது என்று தீர்மானிப்பதில் நம் தொழிலார் எவ்வளவு தாராளமானவர்கள் என்பதற்கு நமது டைரியே சாட்சி. தேசம் முழுவதும் ஐந்து கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன என்று கேட்கும்போது நாம் அனைவரும் சர்க்காரைக் குறை கூறுகிறோம். நீதிபதிகள் போதவில்லை என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்வதும் உண்மை.

1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி நடைபெறும் லோக் அதாலத்தில் வழக்குத் தீர்ந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அத்தீர்ப்பின்மேல் அப்பீல் இல்லை. தாலுகா தோறும் அதற்கு ஒரு குழு இருக்கிறது. மயிலத்துப் பெரியவருக்கு இது தெரியுமா என்று கேட்டோம். தெரியும் என்றார். “ஆனால் ராஜிக்குப் போனால் நாம் தோற்றோம் என்று அவன் ஊரில் சொல்லுவான் ஐயா” என்றார். மூன்று சென்ட் நிலமும் ஒரு லட்சத்து எண்பதாயிரமும் அன்று. இந்த ஒரு வாக்கியமே வழக்கின் வேர். மானம் என்ற பெயரால் மனிதன் தன் ஆயுளை எவ்வளவு மலிவாகக் கொடுத்துவிடுகிறான்!

வக்கீல்களோடு நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரையை வாசிக்கும் தேசத் தொண்டர்கள் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்கு அளிக்க நமக்கு மனமில்லை. மாலை ஆறு மணிக்குப் பொதுக்கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். ஆறு மணிக்கு வருகிறவன் களத்து வேலையை முன்கூட்டியே முடித்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வந்த குடியானவன். எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் பாட்டு. ஒன்பதரைக்குத் தலைவர். தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் பழக்கமும் இப்போது போய்விட்டது; தாமதமாக வருவதே பெருமையின் அடையாளம் என்றாகிவிட்டது. இரண்டாயிரம் பேர் மூன்று மணி நேரம் காத்திருந்தால் ஆறாயிரம் மணி நேரம். எட்டு மணி நேர வேலையாகக் கணக்கிட்டால் ஒரே மனிதனின் 750 நாள் உழைப்பு அன்று மாலை அந்த மைதானத்தில் கொட்டப்பட்டது. ஜனங்களின் வரிப்பணத்தில் ஒரு ரூபாய் களவு போனால் முழங்குகின்ற நாம், ஜனங்களின் காலத்தை நாமே அள்ளி இறைக்கிறோம். வள்ளுவர் காலமறிதலைப் பற்றிய அதிகாரத்தை அறத்துப்பாலில் வையாமல் பொருட்பாலில், அரசியலில் வைத்தது நமக்காகவே போலும்.

காந்தியடிகள் இடுப்பில் கடிகாரத்தைத் தொங்கவிட்டிருந்ததை எல்லோரும் படத்தில் பார்த்திருக்கிறோம். 1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை, சர்தார் படேலோடு முக்கியமான பேச்சு நீண்டுவிட்டதால் ஐந்து மணிப் பிரார்த்தனைக்குச் சில நிமிஷங்கள் தாமதமாயிற்று. பிரார்த்தனை மேடையை நோக்கி விரைந்து நடந்துகொண்டே அத்தாமதத்தைக் குறித்து வருந்திப் பேசினார். அவருடைய கடைசிப் பேச்சுக்களில் அதுவும் ஒன்று. தேசத்தின் துணைப் பிரதம மந்திரியோடு பேசியது நியாயமான காரணம் என்று அவர் சமாதானம் செய்துகொள்ளவில்லை. புல்தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் நிமிஷங்களும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன.

அவ்வளவு தூரம் போகாமல், திண்டிவனம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை, இரண்டே ஆண்டுகள்தாம் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம், ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் ஆகிய மூன்றும் நிறைவேறின. பதவியை இழந்த பின்பு, மறுபடி அதைப் பிடிப்பதற்காக அவர் தம் நாட்களைச் செலவிடவில்லை. வள்ளலாரின் வடலூருக்குப் போய், ஏழைப் பிள்ளைகளின் படிப்பிலும் அநாதைகளின் பராமரிப்பிலும் 1970-இல் காலமாகும்வரை இருபதாண்டுகளுக்கு மேல் கழித்தார். பதவியில் இருந்தது இரண்டு ஆண்டு, அது போன பின்பு வாழ்ந்தது இருபத்தொரு ஆண்டு என்று கணக்கிட்டுப் பார்க்கும்போது, முன்னாள் மந்திரி என்ற பெயருடன் ரயில் நிலையங்களில் மாலைக்காகக் காத்திருக்கும் மனிதர்களின் நினைவு நமக்கு வருகிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. வாசகர்கள் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள்.

மயிலத்துப் பெரியவர் விஷயத்துக்கு வருவோம். நாம் கணக்கிட்ட 131-ஐ அவருடைய நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டியிருந்தோம். வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, “வருகிற வியாழக்கிழமை வாய்தா இருக்கிறது. அன்றைக்கு மணிலா பிடுங்க ஆள் சொல்லியிருக்கிறேன். நீங்களே ஒரு வாய்தா வாங்கிவிடுங்கள்” என்றார். நமக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன.

வாய்தா கேட்கவில்லை. டைரியைப் பார்த்த மறுநாளே எதிர்க்கட்சி வக்கீலுக்கு டெலிபோன் செய்தோம். நம்முடைய 31 வாய்தாக்களை முதலில் சொன்னோம். அவர் தம்முடையவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்தார். அவருடைய கட்சிக்காரருக்கும் அந்த வாரத்தில்தான் மணிலா அறுவடையாம். புதன்கிழமை மாலை இருவரையும் வரப்பண்டைக்கே வரச் சொல்லியிருக்கிறோம். சர்வேயரின் பழைய வரைபடத்தையும் எடுத்துப் போகிறோம். பேச்சு முடிந்தால் வருகிற லோக் அதாலத்தில் பதிவு செய்துகொள்ளலாம். முடியாவிட்டால் வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, கட்சிக்காரரை வயலில் விட்டுவிட்டு, நாம் மட்டும் விசாரணைக்குத் தயாராகக் கோர்ட்டில் இருப்போம். அன்றைக்கு வேறொரு பெரிய வழக்கு நமக்கு இருந்தது. அதை நமது ஜூனியர் பார்த்துக்கொள்வார்.